இடது கையால் இருநூறு

வெஸ்ட்லி, ஒஸ்லோ
06.10.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன், பல் வைத்தியசாலை வேலையும் கையை விட்டுப் போகவில்லை. நீங்கள் முதலில் கேட்கும் மூன்று கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று. உங்கள் முழங்கால் எப்படி? ஹம்மர்பெஸ்டில் பனி கொட்டத் தொடங்கிவிட்டதா?

கடிதம் எழுதுவது எனக்கும் கரைச்சல்தான். ஆனால் உங்கள் போனையும் கொம்பியூட்டரையும் மருமகனாக இருந்த காலத்தில் ஒழுங்குபடுத்தித் தந்தவன் மதுரன். அதில் எதைக் கதைத்தாலும் அவன் காதுக்குப் போகக்கூடும் என்று பொலிஸே சொன்னது. ஆகவே முத்திரை ஒட்டுகிறேன்.

போன திங்களோடு அவன் என் கிட்ட வரக்கூடாது என்ற ஒரு வருடத் தடை முடிந்துவிட்டது. திரும்பவும் தடை வாங்க, அவன் செய்ததை நேரில் கண்ட ஒருவர் சொன்னால் நல்லது என்கிறார் வழக்கறிஞர் கரோலினா. அதைப்பற்றி நான் மேற்கொண்டு எழுதவில்லை.

என் முகவரியை அரசாங்கம் மறைத்து வைத்திருக்கிறது. இரண்டு வருடமாக நீங்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டீர்கள். இந்த உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்களுக்கு மட்டும், அம்மா. ஒஸ்லோவில் எனக்கு இருக்கிற ஒரே சொந்தம் ரவீந்திரன் மாமா, அவருக்கும் இல்லை.

இன்னொன்று. ஐந்து வருடமாக நான் துப்பாக்கிக் கிளப்பில் சுடுவது உங்களுக்குத் தெரியும். என் பிஸ்ரல் என் பெயரில் பதிவானது, வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதை இனிக் கைப்பையில் கொண்டு திரியப் போகிறேன். இந்த நாட்டில் அது குற்றம். விளையாட்டுக்குத்தான் அனுமதி, தற்காப்புக்கு இல்லை. பிடித்தால் உரிமமும் போகும், உள்ளேயும் போடுவார்கள். போடட்டும். அங்கே மதுரன் வர முடியாது.

அனுமதி கேட்டு எழுதவில்லை. அறிவிக்கிறேன்.

உங்கள் மகள்
சாருகா


ஹம்மர்பெஸ்ட்
19.10.2024

என் செல்லப் பிள்ளை சாருகாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் முழங்கால் படி ஏறுகிறது, இறங்கத்தான் அடம்பிடிக்கிறது. பனி இன்னும் இல்லை. காற்று மட்டும் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறது. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா?

துவக்கா, பிள்ளை? கொப்பாவும் நானும் துவக்குச் சத்தம் கேட்காத இடம் தேடித்தான் உலகத்தின் வடக்கு நுனிக்கு வந்து மீன் வெட்டினோம். இருபத்தெட்டு வருடம். நீ அதை லிப்ஸ்டிக் மாதிரிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு திரியப் போகிறாயாம். கொப்பா இதைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தது நல்லது.

மருமகன், சரி, மதுரன், அவரும் இப்போது திருந்தியிருப்பார். கோபக்காரர்தான், ஆனால் குடிக்கிறவர் இல்லை. உனக்கு இது பிடிக்காது, விடுகிறேன்.

மாமாவின் மகள் சோபிகாவுக்குச் சித்திரையில் கலியாணம், அறிந்தாயா? ஒஸ்லோவில் பெரிய மண்டபம். அண்ணா ஒரு கார்ட்டையும் தபாலில் போடமாட்டாராம். ஒவ்வொரு வீடாகப் போய், குங்குமம் வைத்துத்தான் சொல்லுவாராம். நீ கட்டாயம் வர வேண்டும். உனக்கு ஒரு நாவல் நிறச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் முகவரியைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறேன். முருகனுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


வெஸ்ட்லி
03.11.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. மற்றப்படி சுகம். லிப்ஸ்டிக் என்று எழுதியதை வாசித்துவிட்டு மெட்ரோவில் தனியே சிரித்தேன். துவக்கு இல்லை அம்மா, பிஸ்ரல்.

நான் அவசரப்படவில்லை. கொண்டு திரிவதற்கு முன் அதைச் சோதிக்கிறேன். போட்டியில் பிஸ்ரலுக்குள் ரவை சிக்கினால் கையைத் தூக்கலாம், நடுவர் வந்து பார்ப்பார், திரும்பச் சுடவிடுவார். தெருவில் நடுவர் இல்லை. ஆகவே எனக்கு நானே ஒரு விதி போட்டேன். நான் கொண்டு திரியப்போகும் அதே வகை ரவையில் இருநூறு சுட வேண்டும். ரவை அடைக்கும் மூன்று கூட்டையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இடையில் துடைக்கவும் கூடாது, எண்ணெய் போடவும் கூடாது. ஒருமுறை சிக்கினாலும் அதுவரை சுட்டது எல்லாம் அழியும், திரும்ப ஒன்றிலிருந்து. கையுறை இல்லாமல் வெளியே பத்து நிமிடம் நின்று, விரல் விறைத்த பிறகு உள்ளே போய்ச் சுடுகிறேன். குளிருக்குள்தானே அவன் வருவான்.

முதல் நாள் முப்பத்தொன்றில் சிக்கியது. சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியே பறக்காமல் வாயில் மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டாம் நாள் ஐம்பத்தெட்டு. நேற்று பன்னிரண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கிளப்பைப் பார்க்கிற ஹன்னா என்னைக் கவனித்துக்கொண்டே நின்றாள். தலை நரைத்த, அதிகம் கதைக்காத மனுசி. “நீ எதுக்குப் பழகிறாய்?” என்று கேட்டாள். போட்டிக்கு என்றேன். அவள் நம்பவில்லை.

அன்புடன்
சாருகா


ஹம்மர்பெஸ்ட்
17.11.2024

அன்பு மகளுக்கு,

எனக்குத் தடிமன், வேறு ஒன்றும் இல்லை. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். நீ பத்து நிமிடம் கையுறை இல்லாமல் நிற்கிறாய் என்று வாசித்த பிறகு இருமல் கூடிவிட்டது.

அந்தச் சாமானைக் கடையில் கொண்டுபோய்க் கொடு. பில் இருக்கும்தானே. சிக்குகிற சாமானை நம்பி யாராவது உயிரை வைப்பார்களா? ஆனால் ஒன்று சொல்கிறேன். எங்கள் மீன் ஆலையில் மெஷின் நின்றால் மேலாளர் மெஷினைத் திட்டமாட்டார். யார் கை வைத்தது என்றுதான் கேட்பார். பாதி நாள் பிழை கையில்தான் இருக்கும்.

சாமானை நம்பாதே பிள்ளை, மனிசரை நம்பு. எங்களுக்கு என்று சனம் இருக்கிறது. மாமா இருக்கிறார். நீதான் எல்லாரையும் தள்ளி வைத்திருக்கிறாய்.

குளிருக்குச் சுடுதண்ணீர் குடி.

அம்மா


வெஸ்ட்லி
08.12.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

தடிமன் விட்டதா? நீங்கள் சொன்னது சரி. பிழை கையில்தான்.

போன வாரம் ஹன்னா என் பிஸ்ரலை வாங்கித் தானே சுட்டாள். ஐம்பது ரவை, அதே ரவை, அதே அழுக்கு. ஒன்றுகூடச் சிக்கவில்லை. பிறகு என்னைச் சுடச் சொல்லிவிட்டுப் பிஸ்ரலைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தாள். சுடும்போது அது பின்னுக்கு உதைக்கும் அம்மா. மணிக்கட்டு இறுகி நின்றால்தான் அந்த உதையில் கோது வெளியே பறந்து அடுத்த ரவை ஏறும். மணிக்கட்டு வளைந்து கொடுத்தால் எல்லாம் பாதியில் நின்றுவிடும். போட்டியில் ஆறுதலாக, நேரம் எடுத்து, இரண்டு கையாலும் சுடுவேன், அங்கே அது தெரிவதில்லை. அவசரத்தில் ஒரு கையால் சுட்டால் என் வலது மணிக்கட்டு வளைகிறது.

“உடைஞ்சதோ?” என்று கேட்டாள்.

“ஓம், மூண்டு வருசத்துக்கு முந்தி.”

“விழுந்தனியோ?”

வைத்தியசாலைக் காகிதத்தில் பனியில் வழுக்கி விழுந்ததாகத்தான் இருக்கிறது. டாக்டர் என்னிடம் கேட்டார், நான் வாய் திறக்க முன்னம் பதில் சொன்னது நீங்கள். அழகான நோர்வேஜிய மொழியில், ஒரு பிழை இல்லாமல். அம்மா, உங்கள் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், எப்போது பனி பெய்தது?

இனி இடது கை. ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சாருகா


ஹம்மர்பெஸ்ட்
20.01.2025

அன்பு மகள் சாருகாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நத்தார் முடிந்தது, பொங்கலும் முடிந்தது. தனியாள் என்று ஒரு சின்னப் பானையில் பொங்கினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு நாளைக்குச் சூரியன் எட்டிப் பார்க்குமாம். பேக்கரியில் அதற்கென்று பணிஸ் சுட்டு வைத்திருக்கிறார்கள்.

தூள் வறுத்து இடித்து ஒரு கிலோ அனுப்புகிறேன். காற்றுப் போகாத போத்தலில் போட்டு வை.

அண்ணா கார்ட் அடித்துவிட்டார். தங்க எழுத்து. நாளுக்கு ஒருமுறை போன் எடுக்கிறார். உனக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மணிக்கட்டுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு.

வேறு என்ன எழுத. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா


வெஸ்ட்லி
09.02.2025

அம்மாவுக்கு,

தூள் கிடைத்தது. நான் உயிரோடு இருக்கிறேன். உங்கள் அண்ணாவும் உயிரோடு இருக்கிறார். அது எப்படி என்று சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை இடது கையால் இருநூறும் முடிந்தது. ஒன்றுகூடச் சிக்கவில்லை. வரும் வழியில் சந்தோசத்தில் அழுதுவிட்டேன். திங்களிலிருந்து கொண்டு போவதாக முடிவு. சனிக்கிழமை வீட்டுக்குள் ஒத்திகை பார்த்தேன். ரவை நிரப்பி, கார்டிகனின் இடது பொக்கற்றில் போட்டுக்கொண்டு, உங்கள் தூளைப் போட்டுக் கணவாய்க் கறி வைத்தேன், உடுப்பு மடித்தேன்.

மூன்று மணிக்குக் கதவு மணி அடித்தது. இந்த வீட்டு மணியை யாரும் அடித்ததே இல்லை. கதவில் இருக்கிற சின்னக் கண்ணாடியால் பார்த்தேன். கறுப்புக் கோட்டோடு ஒரு ஆள் குனிந்து சப்பாத்துக் கழற்றுகிறார். முகம் தெரியவில்லை. மதுரனின் அதே தோள்.

அம்மா, நான் எடுத்துவிட்டேன். கை நடுங்கவே இல்லை. கதவுக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன், விரலும் விசைக்குப் போய்விட்டது. அப்போது மாமியின் குரல் கேட்டது.

“பிள்ளை, கதவைத் திற. சோபிகாவின்ரை கலியாணத்துக்குச் சொல்ல வந்தனாங்கள்.”

பொக்கற்றுக்குள் போட்டேன், கதவைத் திறந்தேன். மாமி தட்டத்தை நீட்டி என் நெற்றியில் குங்குமம் வைத்தா. மாமா வலு சந்தோசமாக நின்றார்.

“கொம்மாட்டை மூண்டு மாசமாக் கெஞ்சித்தான் அட்றஸ் வாங்கினது. தபாலிலை போட்டா மரியாதையே? இனி மதுரன் வீட்டையும் போகவேணும், அவையளும் எங்கடை ஆக்கள்தானே. மதுரன் தம்பி உன்னைப்பற்றிக் கேட்டவர். வெஸ்ட்லியிலை தனிய, நல்லா இருக்கிறாய் எண்டு சொல்லுறம்.”

“சொல்லாதேங்கோ மாமா.”

“பழசை இன்னும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியே?”

“கார்ட்டை வைச்சிட்டுப் போங்கோ. அவன் வாற மண்டபத்திலை நான் கை நனைக்கமாட்டன்.”

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார்கள். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். கொஞ்சம் பிந்தி மாமி வாய் திறந்திருந்தால், சோபிகாவுக்குக் கலியாணம் இல்லை, செத்த வீடு. அன்றைக்கே பிஸ்ரலைப் பூட்டி எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன். ஹன்னாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், குசினியையும் சேர்த்து. திட்டுவாள் என்று நினைத்தேன். கோப்பி ஊற்றித் தந்தாள். “இது இஞ்சையே கிடக்கட்டும். சுடவேணுமெண்டா வா. வீட்டை கொண்டுபோகாதை” என்றாள்.

அந்தச் சாமான் என்னை ஒருமுறையும் கைவிடவில்லை, அம்மா. கைவிட்டது நீங்கள். உங்களை நான் சோதிக்கவே இல்லை. பெற்ற தாயைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

சாருகா


ஒஸ்லோ
04.03.2025

அம்மாவுக்கு,

மூன்று கிழமையாகப் பதில் இல்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. முழங்கால் எப்படி?

அவன் வந்தான். போன வியாழன் காலை, வெஸ்ட்லி மெட்ரோ மேடையில், வேலைக்குப் போகிற சனத்துக்குள். கையில் தோடம்பழம் ஒரு பை. “கதைக்கவேணும். ரவீந்திரன் மாமா எல்லாம் சொன்னவர்” என்றான்.

என் இடது கை வெறும் பொக்கற்றைத் தடவியது. உண்மையைச் சொல்கிறேன், இருந்திருந்தால் எடுத்திருப்பேன். இல்லாதபடியால் வாயைத் திறந்தேன். முதலில் நோர்வேஜிய மொழியில், பிறகு தமிழில், தொண்டை கிழியக் கத்தினேன். “இவன்ரை பேர் மதுரன். என்ரை கையை முறிச்சவன். எனக்கு இவனோடை ஒரு கதையும் இல்லை. எல்லாரும் இவன்ரை முகத்தை வடிவாப் பாத்து வையுங்கோ!”

மேடையே திரும்பிப் பார்த்தது. பிள்ளை வண்டில் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், யாரென்றே தெரியாது, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மெட்ரோ ஓட்டுகிறவர் இறங்கி வந்தார். மதுரன் படியேறிப் போனான். தோடம்பழத்தை விட்டுவிட்டுப் போனான். நாங்கள் ஒருவரும் அதைத் தொடவில்லை. அடுத்த மெட்ரோவில் ஏறி வேலைக்குப் போனேன்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். ஒரு மேடையில் தோடம்பழத்தோடு நின்றது மட்டும் போதாது, கை முறிந்ததைக் கண்டவர் சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்கிறார் கரோலினா. கண்டவர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி.

நான் வீடு மாறிவிட்டேன். முகவரி இந்த முறை உங்களுக்கும் இல்லை. வேலையை விடமாட்டேன், கிளப்பை விடமாட்டேன், மெட்ரோவில் தலை குனிந்து போகமாட்டேன். எழுத மனம் வந்தால் கிளப் முகவரிக்கு, ஹன்னா பெயருக்கு அனுப்புங்கள்.

சாருகா


ஹம்மர்பெஸ்ட்
27.03.2025

என் பிள்ளை சாருகாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், சுகமாக இரு.

திங்கட்கிழமை இங்கே பொலிஸுக்குப் போனேன். பனிக்குள் நடந்துதான் போனேன், முழங்கால் தாங்கியது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். பொய்யை நானே நோர்வேஜிய மொழியில் சொன்னனான், உண்மையையும் நானே சொல்கிறேன் என்றேன். இரண்டு மணித்தியாலம் இருந்தேன்.

இதைத்தான் சொன்னேன். நான் அடுப்படியில் இடியப்பம் அவித்துக்கொண்டு நின்றேன். அவன் உன் போனைக் கேட்டான், நீ தர மாட்டேன் என்றாய். அவன் உன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். சத்தம் எனக்குக் கேட்டது. நான் முதல் செய்த வேலை அடுப்பை நிற்பாட்டியது. இரண்டாவது, யன்னல் திரையை இழுத்து விட்டது. உன்னிடம் மூன்றாவதாகத்தான் வந்தேன். அதையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள், திரும்ப எழுதினாள். வாசித்துக் காட்டினாள், கையெழுத்து வைத்தேன். அன்றைக்கே ஒஸ்லோவுக்கு அனுப்புவதாகச் சொன்னாள். கரோலினாவிடம் கேள்.

முகவரி கொடுத்ததும் நான்தான். மாமா கேட்ட மூன்றாம் நாளே கொடுத்துவிட்டேன், மூன்று மாதம் கெஞ்சியது எல்லாம் அவர் விடுகிற புளுகு. ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கு எழுதும்போது கொடுத்து முடிந்துவிட்டது. உனக்கு மட்டும் கார்ட் தபாலில் போனால் சனம் என்ன கேட்கும்? இந்தச் சிவநாயகியின் மகளுக்கு வீடு வாசல் இல்லையா என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவன் உன்னைக் கொன்றுபோடுவான் என்று பயப்படவில்லை பிள்ளை, அந்தக் கேள்விக்குப் பயந்தேன். வேறு நியாயம் என்னிடம் இல்லை.

பொலிஸ் மதுரனிடம் போன அன்றைக்கே அண்ணா போன் எடுத்தார்.

“தங்கச்சி, கலியாணம் முடியுமட்டுமாவது பொறுத்திருக்கக் கூடாதே? இனி அவையின்ரை முகத்திலை நான் எப்பிடி முழிக்கிறது?”

“என்ரை பிள்ளையின்ரை முகத்திலை நான் மூண்டு வருசமா எப்பிடி முழிச்சனான் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையே, அண்ணா.”

அப்படியென்றால் கலியாணத்துக்கு வராதே என்றார். எப்படியும் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டு, போனை நான்தான் வைத்தேன். நாற்பது வருடத்தில் அண்ணாவின் போனை நான் முதலில் வைத்தது இதுதான் முதல் தடவை. பிறகு குந்தியிருந்து அழுதேன். ஆனால் திரும்ப எடுக்கவில்லை. நாவல் நிறச் சேலையை ஹன்னா பெயருக்கு அனுப்பியிருக்கிறேன், நீ நினைத்த நாளில் கட்டு.

நீ தலை குனியாமல் போ. கத்த வேண்டிய இடத்தில் கத்து. நன்றாகச் சாப்பிடு.

புது வீட்டு முகவரியை எனக்கு எழுதாதே. நான் கேட்டாலும் எழுதாதே. எனக்குச் சுகமில்லை என்று எழுதினாலும், கடைசியாக ஒருக்கால் உன் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அழுதாலும் எழுதாதே. என்னை எனக்குத் தெரியும். யாராவது மரியாதையாக வந்து கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

அம்மா